கருங்கோழிச் சேவல், நாட்டுப் பெட்டை, குஞ்சில் பாதி வெளுப்பு: ஏமாந்தேனா?

திருவட்டாறுத் தோட்டம் (ஐப்பசி முதல் வாரம்)

வணக்கம். கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் ஒரு பண்ணையில் 'அசல் கடக்நாத்' (தோல் முதல் எலும்பு வரை கருத்த கோழி இனம்) என்று சொல்லி ஒரு கருங்கோழிச் சேவல் கொடுத்தார்கள். 1,800 ரூபாய். கொண்டை, தாடி, நாக்கு, கால், நகம் எல்லாம் கருப்பு. வாயைத் திறந்து காட்டித்தான் விற்றார்கள். வீட்டில் ஏற்கனவே நாலு நாட்டுப் பெட்டைகள். வேறு சேவல் கிடையாது. சுற்றிலும் வலை கட்டியிருக்கிறேன், அடுத்த வீட்டுச் சேவல் உள்ளே வர வழியே இல்லை.

இரண்டு அடையில் 24 முட்டை வைத்தேன், 19 பொரித்தது. 10 குஞ்சுக்குத் தோல், கால், அலகு எல்லாம் கருப்பு. மீதி 9 சாதாரணக் குஞ்சு மாதிரி வெளுத்துக் கிடக்கிறது, காலில் அங்கங்கே மை தெறித்த மாதிரிப் புள்ளி. விற்றவரைக் கேட்டால் 'உங்க பெட்டை சரியில்ல' என்கிறார். ஊரில் எல்லாரும் 'சேவலே கலப்படம், அதான் பாதிக்குப் பாதி' என்கிறார்கள். அசல் என்றால் எல்லாக் குஞ்சும் கருப்பாக வர வேண்டாமா? ஏமாந்தேனா இல்லையா, அது மட்டும் தெரிந்தால் போதும்.

சந்தைக்காரன்

ஏமாந்தாச்சு அண்ணே. 15 வருஷமாகத் திங்கள்சந்தைக்கும் கருங்கல் சந்தைக்கும் கோழி கொண்டுபோகிறவன் சொல்கிறேன். இந்தச் சேவலின் தாயோ தகப்பனோ நாட்டுக்கோழி. வாய்க்குள் கருப்பாக இருந்தால் அசல் என்று எவன் சொன்னது? கலப்பிலும் அப்படி வரும். சந்தையில் தினம் பார்க்கிறேன்.

ஆரல் காற்று

பத்தாம் வகுப்புக் கணக்குதான் இது. கருப்பு ஓங்கு பண்பு, ஒன்று இருந்தாலே வெளியே தெரியும். அசல் சேவல் என்றால் இரண்டு மரபணுவும் கருப்பு, எந்தக் குஞ்சுக்கும் ஒரு கருப்பு போய்ச் சேரும், எல்லாம் கருப்பாக வரும். கலப்புச் சேவல் என்றால் ஒன்று கருப்பு, ஒன்று வெளுப்பு. நாட்டுப் பெட்டையிடம் இரண்டுமே வெளுப்பு. புன்னட் கட்டம் (தாய், தகப்பன் மரபணுவை எழுதிக் குஞ்சுக்கு என்ன வரும் என்று பார்க்கிற கட்டம்) போட்டுப் பாருங்கள், சரிபாதி. உங்களுக்கு வந்தது 10க்கு 9. இதைவிடச் சுத்தமான சாட்சி வேண்டுமா? 1,800 போச்சு.

தக்கலை டீச்சர்

அவசரப்படாதீர்கள் தம்பிகளா. பாதிக்குப் பாதி வந்தால் காரணம் ஒன்றுதான் என்று யார் சொன்னது? பிறக்கும்போதே பாதிக்குப் பாதியாகப் பிரிகிற இன்னொரு விஷயம் இருக்கிறது, ஆணும் பெண்ணும்.

திருவட்டாறு, ஒரே கேள்வி. கருப்பான 10ல் எத்தனை பெட்டை? வெளுத்த 9ல் எத்தனை சேவல்?

திருவட்டாறுத் தோட்டம்

குஞ்சு ஒரு மாதம்கூட ஆகவில்லை டீச்சர். எது சேவல், எது பெட்டை என்று எனக்குத் தெரியவில்லை.

தக்கலை டீச்சர்

அப்படியானால் காத்திருங்கள். பெட்டைகளின் கால் நிறத்தையும் குறித்து வையுங்கள். இறகைப் பார்க்காதீர்கள், அதன் கணக்கு வேறு. சிவப்பு இறகுக்குள்ளேயும் கருந்தோல் இருக்கும்.

குளச்சல் அக்கா

டீச்சர் சஸ்பென்ஸ் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பரீட்சைக்கு முதல் நாள் 'முக்கியமான கேள்வி' என்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரி.

சந்தைக்காரன்

சேவல் குஞ்சு, பெட்டைக் குஞ்சு பார்த்தா தோல் நிறம் வரும்? கோழிக்குத் தெரியுமா அதெல்லாம்?

குலசேகரம் ரப்பர்

இதைப் படித்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. என்னிடம் இருந்தது தலைகீழ். கருங்கோழிப் பெட்டை ஒன்று, மஞ்சள் கால் நாட்டுச் சேவல் ஒன்று. மூன்று அடை வைத்தேன். ஒரு குஞ்சுகூட முழுக் கருப்பாக வரவில்லை. எல்லாம் வெளுப்பு, புள்ளி புள்ளியாக மை. பெட்டைதான் போலி என்று நினைத்து ஈஸ்டருக்கு அறுத்துவிட்டோம். அறுத்தால் எலும்பு வரைக்கும் கருப்பு! அன்றிலிருந்து எனக்கு இது விளங்கவே இல்லை.

தக்கலை டீச்சர்

ஐயோ பாவம். அந்தப் பெட்டை அசல்தான்.

மண்டைக்காட்டு மணல்

நம் மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருக்கிறது, கதிர்வீச்சு இருக்கிறது. அதனால் கோழிக்கு இப்படி மாறியிருக்கலாமே?

தக்கலை டீச்சர்

திருவட்டாறு எங்கே, மணவாளக்குறிச்சிக் கடற்கரை எங்கே? தவிர, இதே விஷயத்தை 1911இலேயே இங்கிலாந்தில் பேட்ஸனும் புன்னட்டும் எழுதிவிட்டார்கள். அவர்கள் ஊரில் நம் மணல் கிடையாது.

புதுக்கடைப் பையன்

புன்னட் என்பது ஆளா? நான் அது ஏதோ கட்டத்தின் பெயர் என்று நினைத்தேன்.

தக்கலை டீச்சர்

ஆள்தான். கோழி வளர்த்தவர். உங்கள் புத்தகத்தில் பட்டாணியை வைத்து அந்தக் கட்டத்தைப் போடுவார்கள், போட்டவர் வாழ்நாளில் பாதி கோழிக்கூட்டில்தான் போனது.

மெண்டல் 1866இல் பட்டாணியைப் பற்றி எழுதினார், 1900 வரைக்கும் யாரும் கண்டுகொள்ளவில்லை. அது மறுபடி வெளியே வந்ததும் 'செடிக்குச் சரி, உயிருள்ள பிராணிக்குப் பொருந்துமா' என்று கேட்டார்கள். பேட்ஸன் 1902இல் கோழிக் கொண்டையை வைத்துப் பொருந்தும் என்று காட்டினார். ரோஜாக் கொண்டைக் கோழியையும் பட்டாணிக் கொண்டைக் கோழியையும் சேர்த்தால் குஞ்சுக்கு இரண்டும் வராது. மூன்றாவதாக, வால்நட் கொட்டை மாதிரி ஒரு கொண்டை வரும். அந்தக் குஞ்சுகளை ஒன்றோடொன்று சேர்த்தால் 16க்கு 9 வால்நட், 3 ரோஜா, 3 பட்டாணி, ஒன்று மட்டும் நம் வீட்டுச் சாதாரண ஒற்றைக் கொண்டை. இரண்டு மரபணு சேர்ந்து ஒரு பண்பை உருவாக்கும் என்பதற்கு இதுதான் முதல் பாடம். இதை மறக்காதீர்கள், திருவட்டாறு திரும்பி வரும்போது வேண்டும்.

ஆரல் காற்று

சரி டீச்சர். ஆனால் 10க்கு 9 என்ற கணக்கு...

தக்கலை டீச்சர்

8 குஞ்சு பொரித்தால் சரியாக 4 சேவல், 4 பெட்டை வருவது நூறு தடவையில் 27 தடவைதான் தம்பி. மெண்டலுக்கே நெட்டை 787, குட்டை 277 என்றுதான் வந்தது. 3க்கு 1 என்று அச்சடித்த மாதிரி வரவில்லை. ஒவ்வொரு குஞ்சுக்கும் தனியாக நாணயம் சுண்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைக்கு இத்தனை என்று கோழி பட்டியல் போட்டுப் பொரிப்பதில்லை.

புதுக்கடைப் பையன்

அப்படியானால் என் கேள்வியையும் இங்கேயே கேட்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு கிராப்புக் கோழிச் சேவல் உண்டு, கழுத்தில் இறகே இல்லாதது. திருவனந்தபுரம் பக்கம் மாமா வீட்டில் நிறைய இருக்கிறது, அங்கிருந்து கொண்டுவந்தது. அதைச் சாதாரணப் பெட்டையோடு விட்டால் எல்லாக் குஞ்சுக்கும் கழுத்து மொட்டை, ஒன்றுகூடத் தப்பவில்லை. இதில் ஆண், பெண் வித்தியாசமும் இல்லை. இது எப்படி?

தக்கலை டீச்சர்

குஞ்சுகளின் கழுத்தின் முன்பக்கம் ஒரு சின்னக் குஞ்சம் மாதிரி இறகு இருக்கிறதா?

புதுக்கடைப் பையன்

இருக்கிறது! அப்பன் சேவலுக்கு அது இல்லை. எப்படித் தெரியும்?

தக்கலை டீச்சர்

அது முழுமையற்ற ஓங்கு பண்பு. மொட்டைக் கழுத்து மரபணு இரண்டு இருந்தால் கழுத்து சுத்தமாக மொட்டை. ஒன்று இருந்தால் கழுத்து மொட்டை, ஆனால் முன்னால் குஞ்சம் நிற்கும். உன் சேவலுக்கு இரண்டு, குஞ்சுகளுக்கு ஒன்று. இனி அந்தக் குஞ்சுகளைச் சாதாரணக் கோழியோடு விட்டால் ஏறக்குறையப் பாதிதான் மொட்டைக் கழுத்தாக வரும். குஞ்சங்களையே ஒன்றோடொன்று சேர்த்தால் நாலில் ஒன்று சுத்த மொட்டை, இரண்டு குஞ்சம், ஒன்று சாதாரணம். அந்தக் குஞ்சம் ஒரு வசதி. சந்தையில் சேவல் வாங்கும்போது கழுத்தைப் பார்த்தாலே அதனுள் ஒன்று இருக்கிறதா, இரண்டா என்று தெரிந்துவிடும். கருங்கோழியில் அப்படி வெளியே தெரிவதில்லை, அதனால்தான் இத்தனை சண்டை.

கழுத்தில் மட்டுமல்ல, உடம்பு முழுவதுமே அதற்கு இறகு குறைவு. அதனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலைத் தாங்கும்.

குளச்சல் அக்கா

டீச்சர், என் கதையையும் கேளுங்கள். என்னிடம் இருப்பவை குட்டைக்கால் கோழி. சேவலும் குட்டைக்கால், பெட்டையும் குட்டைக்கால். பார்க்க வாத்து மாதிரி அழகு. ஆனால் 12 வைத்தால் 8, 9 தான் பொரிக்கும். மீதி கூமுட்டை. அடைக் கூடையில் இரும்புத் துண்டு வைத்தேன், கரித்துண்டு வைத்தேன், மிளகாய் வத்தல்கூட வைத்தேன். ஐப்பசி இடிதான் காரணம் என்று மாமியார் சொல்கிறார்கள். மாசியில் வைத்தாலும் அதேதான். பொரித்ததிலும் சில குஞ்சு சாதாரண நீளக் கால்!

தக்கலை டீச்சர்

மாமியாரிடம் சொல்லுங்கள், இடி மேல் பழி போட வேண்டாம். அந்தக் குட்டைக்கால் மரபணு ஒன்று இருந்தால் கால் குட்டை, இரண்டு சேர்ந்தால் முட்டைக்குள்ளேயே சாவு. அடையின் முதல் வாரத்திலேயே போய்விடும், உடைத்துப் பார்த்தாலும் கூமுட்டை மாதிரிதான் தெரியும். குட்டைக்காலும் குட்டைக்காலும் சேர்ந்தால் நாலில் ஒன்று இப்படிப் போகும். மிச்சம் மூன்றில் இரண்டு குட்டைக்கால், ஒன்று நீளக்கால். உங்கள் 12ல் 9 என்பது அச்சு அசல் கணக்கு.

குட்டைக்கால் பெட்டையை நீளக்கால் சேவலோடு விடுங்கள். பாதிக் குஞ்சு குட்டைக்கால் வரும், முட்டையும் வீணாகாது. சுத்தக் குட்டைக்கால் வம்சம் என்று ஒன்றை நிலைநிறுத்தவே முடியாது. யாராவது அப்படிச் சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

குளச்சல் அக்கா

நாலு வருஷமாக இரும்புத் துண்டு வைத்தேனே! இரும்பு துருப்பிடித்ததுதான் மிச்சம்.

ஈத்தாமொழி நெட்டை

கோழிக்கு நடுவே தென்னை. மன்னிக்கவும். நெட்டை குட்டை ஒட்டுத் தென்னை ஒன்று நன்றாகக் காய்க்கிறது. அதன் தேங்காயையே முளைக்க வைத்து நடலாமா? நாற்றுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

தக்கலை டீச்சர்

நடலாம், ஆனால் அந்த மரம் வராது. முதல் தலைமுறையில் ஒன்றாக நின்ற குணங்கள் அடுத்ததில் சிதறும். ஒன்று நெட்டையாக, ஒன்று குட்டையாக, ஒன்று எதற்கும் ஆகாததாக. பத்து வருஷம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தெரியும், அதுதான் கொடுமை. கோழி என்றால் ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்.

நாற்றுப் பண்ணையில் ஒரு அழகான வேலை நடக்கும், பார்த்திருப்பீர்கள். செவ்விளநீர்க் குட்டையைத் தாயாக வைத்துப் பச்சை நெட்டையின் மகரந்தம் போட்டால், முளைக்கிற கன்றின் மட்டைக்காம்பு பழுப்பேறி இருக்கும். காம்பு தாய் மாதிரியே நல்ல ஆரஞ்சாக இருந்தால் அது தன் மகரந்தத்திலேயே காய்த்தது, ஒட்டு இல்லை. முளைவிட்ட நாளிலேயே நிறத்தைப் பார்த்துப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். நாற்று வாங்கப் போனால் காம்பைப் பாருங்கள்.

திருவட்டாறுத் தோட்டம் (மார்கழி நடுவில்)

வந்துவிட்டேன். மூன்று குஞ்சு போய்விட்டது, கீரி ஒன்றும் பருந்து இரண்டும். போனதில் ஒன்று கருப்பு, இரண்டு வெளுப்பு. இப்போது கையில் 16. கொண்டை தெளிவாக வந்துவிட்டது, இரண்டு பேர் பார்த்து உறுதி செய்தோம்.

பெட்டை 7. ஏழும் கருப்பு.
சேவல் 9. அதில் 7 வெளுப்பு, 2 கருப்பு.

டீச்சர் கேட்டபோது சிரித்தேன், இப்போது சிரிப்பு வரவில்லை. வெளுத்ததில் ஒரு பெட்டைகூட இல்லை!

சந்தைக்காரன்

ஆனால் சேவலில் இரண்டு கருப்பு இருக்கிறதே? அப்போது டீச்சர் கணக்கும் உடைந்துபோச்சு.

தக்கலை டீச்சர்

உடையவில்லை, இன்னும் அழகாகிவிட்டது. உட்காருங்கள், நீளமாகச் சொல்கிறேன்.

கருந்தோலுக்கு ஒன்றல்ல, இரண்டு மரபணு கணக்கில் வரும். முதலாவது கருமையை உடம்பெல்லாம் பரப்புவது. அது ஓங்கு பண்பு, ஒன்று இருந்தாலே போதும். கருங்கோழியிடமும், பட்டு மாதிரி இறகுள்ள சில்கிக் கோழியிடமும் இருக்கிறது, நாட்டுக்கோழியிடம் இல்லை. இரண்டாவது தோலில் கருமை படியாமல் தடுப்பது. அதைத் 'தடை' என்று வைத்துக்கொள்வோம். அதுவும் ஓங்கு பண்பு. மஞ்சள் கால், வெள்ளைக் கால் கோழிகளிடம் இந்தத் தடை இருக்கிறது. கருங்கோழியிடம் இல்லை. குஞ்சு முழுக் கருப்பாக வேண்டுமானால் முதலாவது இருக்க வேண்டும், தடை இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து வந்தால் வெளுத்த தோலில் மை தெறித்த மாதிரி, நீங்கள் சொன்னீர்களே, அது.

இந்தத் தடை உட்கார்ந்திருக்கும் இடம்தான் விஷயம். அது பாலினக் குரோமோசோமில் இருக்கிறது. மனிதரில் ஆணுக்கு எக்ஸ், ஒய், பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். கோழியில் தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. தடை இசட்டில் இருக்கிறது. தாய்க்கோழி தன் ஒரே இசட்டை மகனுக்குத்தான் கொடுக்கும், மகளுக்கு டபிள்யூதான் போகும். மகளுக்கு இருக்கிற ஒரே இசட் தகப்பனிடமிருந்து வந்தது.

இப்போது உங்கள் கூட்டுக்கு வாருங்கள். தகப்பன் கருங்கோழி, அவன் இசட்டில் தடை கிடையாது. மகள்களுக்கு அவன் இசட் மட்டும், எனவே ஏழும் கருப்பு. மகன்களுக்குத் தாயின் இசட்டும் சேர்ந்து வருகிறது, தாய் மஞ்சள் கால் என்றால் தடையோடு வருகிறது, எனவே வெளுப்பு. குலசேகரத்தில் தகப்பன் மஞ்சள் கால் நாட்டுச் சேவல். அவன் தடையை மகனுக்கும் கொடுத்தான், மகளுக்கும் கொடுத்தான், ஒன்றும் கருக்கவில்லை. பேட்ஸனும் புன்னட்டும் சில்கியையும் மஞ்சள் கால் பிரவுன் லெகான் கோழியையும் வைத்து இரண்டு பக்கமும் கலந்து பார்த்து இதைத்தான் எழுதினார்கள்.

அந்த இரண்டு கருஞ்சேவல்? உங்கள் நாலு பெட்டையில் ஏதாவது கருங்கால் இருக்கிறதா?

திருவட்டாறுத் தோட்டம்

இருக்கிறது டீச்சர்! மூன்று மஞ்சள் கால். ஒன்று மட்டும் ஈயச் சட்டி நிறத்தில் கால். தோல் வெள்ளைதான்.

தக்கலை டீச்சர்

அவளிடம் தடை இல்லை. அவள் மகன்கள் கருப்பாகத்தான் வருவார்கள். நாலு தாயில் ஒருத்தி, 9 மகனில் 2 பேர். பொருந்துகிறதா?

ஆரல் காற்று

நான் தோற்றேன். ஆனால் ஒரு சந்தேகம். சேவல் கலப்படமாகவும் இருந்து, தற்செயலாக இப்படி அமைந்திருக்கலாமே?

தக்கலை டீச்சர்

நல்ல கேள்வி. சேவல் உடம்பே கருப்பு, அதனால் அவனிடம் தடை இல்லை என்பது நிச்சயம். முதல் மரபணு மட்டும் அவனிடம் ஒன்றா, இரண்டா என்பதுதான் சந்தேகம். ஒன்று மட்டும் என்றால் ஒவ்வொரு மகளும் கருப்பாக வர அரை வாய்ப்பு. ஏழு மகளும் கருப்பாக வர, அரையை ஏழு தடவை பெருக்கு. 128ல் ஒன்று. நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. ஆனால் நான் அந்தப் பண்ணைக்காரரிடம் சண்டைக்குப் போக மாட்டேன்.

நாஞ்சில் மருமகன்

தகப்பன் குணம் மகளுக்கு, தாய் குணம் மகனுக்கு. மகனுக்குத் தகப்பன் சொத்து பாதிதான் என்றால் இது எங்கள் நாஞ்சில்நாட்டில் முன்பு இருந்த, சொத்து சகோதரி மகனுக்குப் போகிற மருமக்கள் வழியைவிட மோசமாக இருக்கிறதே!

தக்கலை டீச்சர்

சிரிப்புக்குச் சொன்னாலும், மருமக்கள் வழி மனிதரில் உண்டு. ரத்தம் உறையாத ஹீமோபீலியாவும் சிவப்பு, பச்சை நிறக்குருடும் எக்ஸ் குரோமோசோமில் வருபவை. தகப்பன் மகனுக்கு எக்ஸ் கொடுப்பதில்லை, எனவே அவனுக்கு நேராகக் கடத்த முடியாது. ஆனால் ஒருவருக்கு இருந்தால் அவருடைய சகோதரி தனக்கு ஒன்றும் தெரியாமல் சுமந்து, அவள் மகனுக்கு வரலாம். அம்மாவனிடமிருந்து, அதாவது தாய்மாமனிடமிருந்து, மருமகனுக்கு. குடும்பத்தில் பையன் நிறம் தடுமாறினால் அப்பாவைப் பார்க்காதே, அம்மாவனைக் கேள்.

குளச்சல் அக்கா

இன்னொன்றும் சொல்லுங்கள். பெண் பிள்ளை பிறந்தால் மருமகளைத் திட்டுகிற வீடுகள் இருக்கிறதே. மனிதரில் அதைத் தீர்மானிப்பது அப்பன். கோழியில்தான் பெட்டை. கோழியைத் திட்டினால் நியாயம் உண்டு!

தக்கலை டீச்சர்

சரியாகச் சொன்னீர்கள். இதைப் பணமாக்கின கதையும் உண்டு. முதல் உலகப்போரில் இங்கிலாந்தில் தீவனத் தட்டுப்பாடு. முட்டைக்கு வளர்க்கிறவருக்குச் சேவல் குஞ்சு தண்டச் செலவு. இசட்டில் வருகிற இறகு நிறத்தை வைத்துப் பொரித்த அன்றே சேவலைப் பிரித்துவிடலாம் என்று புன்னட் யோசனை சொன்னார். உடம்பெல்லாம் கோடு போட்ட பிளைமவுத் ராக் பெட்டையைக் கோடில்லாத கருப்புச் சேவலோடு சேர்த்தால், சேவல் குஞ்சின் தலையில் மட்டும் வெள்ளைப் பொட்டு இருக்கும். திருவட்டாறு, உங்களுக்கும் அந்த வசதி கிடைத்துவிட்டது. மஞ்சள் கால் மூன்றின் முட்டையைத் தனியாக வைத்தால், முதல் நாளே கருப்பு பெட்டை, வெளுப்பு சேவல்.

திருவட்டாறுத் தோட்டம்

அடுத்தது என்ன செய்ய? அந்த ஏழு கருப்புப் பெட்டையையும் இதே சேவலோடு விடலாமா?

தக்கலை டீச்சர்

விட்டால் எல்லாக் குஞ்சும் கருப்பாக வரும். தடை எந்தப் பக்கமும் இல்லை, தகப்பன் முதல் மரபணுவை எல்லாருக்கும் கொடுப்பான். ஆனால் பாதிக் குஞ்சு உள்ளே ஒன்றுதான் வைத்திருக்கும், வெளியே தெரியாது. அதை அசல் என்று விற்றால் அது ஏமாற்று.

வெளுத்த சேவலையும் கருப்புப் பெட்டையையும் அண்ணன் தங்கையாகச் சேர்த்தால், முதல் மரபணு கிடைக்க முக்கால் வாய்ப்பு, தடை வராமலிருக்க அரை. முக்காலை அரையால் பெருக்கு, எட்டில் மூன்று கருப்பு. இந்தத் தடவை சேவல், பெட்டை இரண்டிலும் வரும். 16 பொரித்தால் 6 என்று எதிர்பாருங்கள், 3 வந்தாலும் 9 வந்தாலும் என்னைக் கேட்காதீர்கள்.

ஆனால் தகப்பன் மகள் சேர்க்கை வேண்டாம் என்பேன். ஒரே மூதாதையின் மரபணு இரண்டு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு அதில் நாலில் ஒன்று. நம் வீடுகளில் அத்தை மகனைக் கட்டினால் பிள்ளைக்கு 16ல் ஒன்று, அக்கா மகளைத் தாய்மாமன் கட்டினால் எட்டில் ஒன்று. வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும் கெட்ட மரபணு எது எப்போது இரட்டிக்கும் என்று சொல்ல முடியாது. வேறு கூட்டத்துக் கருஞ்சேவல் ஒன்று தேடுங்கள்.

புதுக்கடைப் பையன்

கருங்கோழி முட்டையும் கருப்பா டீச்சர்?

தக்கலை டீச்சர்

இல்லை. இளம்பழுப்பு. கருப்பு முட்டை என்று யாராவது விற்றால் தண்ணீரில் கழுவிப் பார்.

சந்தைக்காரன்

எல்லாம் சரி. நான் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டேன். அந்தக் கருங்கால் பெட்டை முட்டையை மட்டும் தனியாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தக்கலை டீச்சர்

முதல் தடவையாக நீங்கள் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். திருவட்டாறு, அவளைச் சேவலோடு தனிக் கூண்டில் விடுங்கள். முட்டையில் பென்சிலால் குறி போடுங்கள். என் கணக்குப்படி சேவல், பெட்டை எல்லாம் கருப்பு. ஒன்று வெளுத்தாலும் நான் தப்பு.

திருவட்டாறுத் தோட்டம் (பங்குனி)

தை கடைசியில் அவளுடைய முட்டை 9 அடை வைத்தேன். 21ஆம் நாள் 7 பொரித்தது, இரண்டு கூமுட்டை. (அக்கா, இரும்பு வைக்கவில்லை.) ஏழும் கருப்பு. கொண்டை வரும் வரை காத்திருந்து இப்போது எழுதுகிறேன்: 4 பெட்டை, 3 சேவல்.

ஆரல் காற்று

சேவல் கலப்பு என்றால் இப்படி வர முன்னால் ஒரு 128ல் ஒன்று, இப்போது இன்னொரு 128ல் ஒன்று. பெருக்கினால் 16,384ல் ஒன்று. அண்ணா, சேவல் அசல். நான் முதலில் எழுதியதை அழித்துவிடவா?

தக்கலை டீச்சர்

அழிக்காதே. அது இருந்தால்தான் மற்றவர்களுக்கும் புரியும்.

குலசேகரம் ரப்பர்

எனக்கு என் பெட்டை நினைவாகவே இருக்கிறது.

சந்தைக்காரன்

சரி, பார்த்தாச்சு. அண்ணே, அந்தச் சேவலை 2,500க்குக் கேட்கிறேன்.

திருவட்டாறுத் தோட்டம்

சேவலைக் கேட்கிறீர்கள், யோசிக்கலாம். அந்தக் கருங்கால் பெட்டையை மட்டும் கேட்காதீர்கள்.